பட்டன் போனில் இறங்காத சாமி

வியாழக்கிழமை காலையில் மட்டாஞ்சேரிக்கு வந்து பாருங்கள். பஜார் ரோட்டில் ஒரு பழைய சுக்கு கோடவுன் வாசலில் நீளமாக ஒரு வரிசை நிற்கும். ரேஷன் வாங்குகிற வரிசை இல்லை அய்யா, எல்லாம் படித்த கூட்டம். காக்கநாட்டில் கண்ணாடிக் கட்டடத்துக்குள் உட்கார்ந்து செயற்கை அறிவு தயாரிக்கிற மகராசன்கள். சொந்த அறிவை ஆபீஸ் மேஜைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வந்திருப்பார்கள். கழுத்தில் அடையாள அட்டை. கையில் விலை உயர்ந்த போன். போனின் நெற்றியில் மஞ்சளும் குங்குமமும்!

உள்ளே எழுந்தருளியிருப்பவர் மேகானந்த சுவாமி. தகவலெல்லாம் மேகத்தில் இருக்கிறது என்று கம்ப்யூட்டர்காரர்கள் சொல்வார்களே, அந்த மேகத்தை இவர் நேரிலேயே பார்க்கிறாராம். நீங்கள் வாயைத் திறக்க வேண்டாம். போனைத் தாம்பாளத்தில் வைத்தால் போதும். சுவாமி கண்ணை மூடி, உள்ளங்கையைப் போனுக்கு மேலே காட்டி, உங்கள் கம்பெனியின் வண்டவாளத்தையெல்லாம் பிட்டுப் பிட்டு வைப்பார். கூட்டாளி பேர் என்ன, எந்தக் கஸ்டமர் கையை விரித்தான், எந்த பாங்க் லோன் இல்லை என்றது, எல்லாம் கரெக்டாக வரும். கேட்டவர்கள் அங்கேயே மூக்கைச் சிந்தி அழுவார்கள்.

தட்சணையா? சீச்சீ, சுவாமி காசைக் கையால் தொடமாட்டார். கம்பெனியில் பங்கு எழுதிக் கொடுத்தால் போதும். அதற்குப் பேர் "தெய்வப் பங்கு". உண்டியலில் சில்லறை போட்ட காலமெல்லாம் மலையேறிப் போச்சு. இப்போது கடவுளும் ஷேர் வாங்குகிறார்.

இந்த வரிசையில் நின்று, உள்ளே போய், பேயறைந்த முகத்தோடு வெளியே வந்தவன்தான் பினு.

பினு, சங்கரி, ரஜிதா மூன்று பேரும் சேர்ந்து நடத்துகிற கம்பெனிக்குக் "குழாயடி" என்று பேர். மட்டாஞ்சேரியில் எந்தச் சந்துக்கு எப்போது குடிதண்ணீர் வரும் என்பது பிரம்ம ரகசியம். காத்துக் கிடந்தால் வராது, கதவைப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போனால் வந்துவிட்டுப் போகும். மூவருமே தமிழ் வீட்டுப் பிள்ளைகள், கார்ப்பரேஷனில் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள், குடத்தோடு நின்று நின்றே வளர்ந்தவர்கள். சந்தில் யாராவது ஒருத்தர் தண்ணீர் வந்ததும் போனில் ஒரு தட்டுத் தட்டினால், அந்தச் சந்து முழுவதற்கும் தகவல் போய்விடும். அவ்வளவுதான் வியாபாரம். பினு ஆள் பிடிப்பான். சங்கரி கஸ்டமரையும் கணக்கையும் பார்ப்பாள். ஆப்பை எழுதியது முழுக்க ரஜிதா. இப்போது எர்ணாகுளத்து அடுக்குமாடிச் சங்கங்கள் தாமாகவே கூப்பிட்டு, எங்களுக்கும் வேண்டும் என்கின்றன. கம்பெனி வளரப் போகிற நேரம். அந்த நேரத்தில்தான் மனுஷனுக்கு வயிற்றைக் கலக்கும், சாமியாருக்கு வயிறு நிறையும்.

"சங்கரி, கதவைச் சாத்து" என்றான் பினு.

"எந்தாடா, என்ன ஆச்சு?"

"சாமி சொல்லிட்டாரு. நம்ம கூட இருக்கிற ஒரு ஆளு ரெண்டு வள்ளத்தில கால் வச்சிருக்கு. பேரு 'ர'ல தொடங்குமாம். ஒரு கால் இங்க, ஒரு கால் காக்கநாட்டில. புதன்கிழமை போன காலுன்னு கூடச் சொன்னாரு!"

"யாரு, நம்ம ரஜிதாவா?"

"புதன்கிழமை அவ லீவு. காக்கநாடு போறேன்னு எனக்குத்தான் மெசேஜ் போட்டா. நான் யார்கிட்டயும் மூச்சு விடல. சாமிக்கு எப்படித் தெரியும்? வேற கம்பெனிக்கு இன்டர்வியூ போயிருக்கா. நம்ம ஆப்பைத் தூக்கிட்டுப் போகப் போறா!"

"அவகிட்டக் கேட்டியா?"

"சாமியே சொன்னதுக்கு அப்புறம் அவகிட்ட என்னத்தக் கேக்கிறது?"

பரிகாரமும் ரெடியாக இருந்தது. எர்ணாகுளத்தில் கால் வைக்குமுன் ரஜிதாவை வெளியே அனுப்ப வேண்டும். அவள் பங்கைச் சுவாமியின் டிரஸ்டுக்கு எழுதி வைக்க வேண்டும். கம்பெனி தொடங்கும்போது எவனோ ஒரு வக்கீல் சொன்னான் என்று, இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால் மூன்றாவது ஆளை நீக்கலாம் என்று அவர்களே எழுதி வைத்திருந்தார்கள்.

"வர்ற வியாழன் சாமி முன்னால கையெழுத்து. நீ போடலைன்னா நான் எடத்தைக் காலி பண்றேன், சங்கரி. சாபம் பிடிச்ச கம்பெனியில என்னால இருக்க முடியாது."

அடுத்த மேஜைதான் ரஜிதாவுடையது, நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவள் எர்ணாகுளத்துக்கான வேலையைச் செய்துகொண்டிருந்தாள். பக்கத்தில் சாயா ஆறிக் கிடந்தது. அவளைப் பார்க்கப் பார்க்கச் சங்கரிக்கு மனசு ஆறவில்லை. காய்ச்சலோடு உட்கார்ந்து இந்த ஆப்பை எழுதின பெண்ணை ஒரு தாம்பாளத்தைக் காட்டித் துரத்துவதா? ஆனால் உள்ளே ஒரு மூலையில் முள்ளும் குத்தியது. யாருக்கும் தெரியாத புதன்கிழமை அந்த ஆளுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது?

அந்த முள்ளை எடுத்தது சங்கரியின் அம்மா ஆவுடையம்மாள். மகள் கல்யாணத்தைப் பற்றிக் கேட்கலாம் என்று அவளும் சாமியைத் தேடிப் போயிருக்கிறாள். போன வேகத்தில் திரும்பி வந்து, மரவள்ளிக் கப்பைக் கிழங்கைத் தட்டில் டங்கென்று வைத்தாள்.

"வாசல்ல நிக்கிற அந்தச் சீடனுக்கு என்ன கொழுப்புடீ! என் போனை ஏற இறங்கப் பாக்கிறான். 'இது பட்டன் போன் அம்மா, இதில அருள் எறங்காது. பெரிய போன்ல நம்ம ஆப் போட்டு டோக்கன் எடுத்துட்டு வாங்க'ங்கிறான். சாமிக்கு என்னைப் பிடிக்கலையா, என் போனைப் பிடிக்கலையா?"

சங்கரியின் வாயில் போட்ட கப்பை அப்படியே நின்றது. எங்கும் நிறைந்தவர், அம்மாவின் பட்டன் போனுக்குள் மட்டும் நுழைய மாட்டாராமே! அது என்ன தீட்டு?

ஆபீஸில் சோதனைக்கு வைத்திருந்த ஒரு பழைய டச் போனை எடுத்து, சாமியின் ஆப்பைப் போட்டாள். "அருள் டோக்கன்" என்று பேர். திறந்ததும் மணி அடித்தது, தாமரை மலர்ந்தது. பிறகு பவ்வியமாகக் கேட்டது: உங்கள் போனில் உள்ள பேர்களையெல்லாம் பார்க்கலாமா? வருகிற மெசேஜையெல்லாம் படிக்கலாமா? கீழே "சம்மதம்" என்று ஒரு பொத்தான். அழுத்தாவிட்டால் டோக்கன் கிடையாது.

அட பாவிகளா! ஆப் எழுதியே சோறு தின்கிறவர்கள். கண்டதுக்கும் சம்மதம் அழுத்தாதீர்கள் என்று ஊருக்கெல்லாம் கூட்டம் போட்டுப் புத்தி சொல்கிறவர்கள். சாமி காரியம் என்றதும் பயபக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டு, அதே விரலால் சம்மதம், சம்மதம் என்று அழுத்தியிருக்கிறார்கள். ரஜிதா போட்ட மெசேஜ் பினுவின் போனுக்கு வந்த கையோடு சாமிக்கும் போய்ச் சேர்ந்திருக்கும்.

இதை அப்போதே பினுவிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் சாமி உன்னைச் சோதிக்கிறார் என்பான். பக்தனுக்கு எதையும் சொல்லிப் புரியவைக்க முடியாது, காட்டத்தான் வேண்டும். சங்கரி அந்தப் பழைய போனில் சம்மதம் அழுத்தி, கனகாம்பாள் என்ற பேரில் தன் நம்பரைச் சேர்த்தாள். பிறகு தன் சொந்தப் போனிலிருந்து அதற்கு ஒரு மெசேஜ் அனுப்பினாள்: "சங்கரி, நான் கம்பெனியை விட்டுப் போறேன். ஏலூர்க் கம்பெனிக்காரங்க நல்ல சம்பளம் தர்றாங்க. பினுவுக்குத் தெரிய வேண்டாம். கனகாம்பாள்." இந்தக் கனகாம்பாள் யார் என்று இப்போதே கேட்காதீர்கள். வியாழக்கிழமை நேரில் வருவாள்.

"ரஜிதா, வியாழக்கிழமை நீயும் கோடவுன் வாசலுக்கு வரணும். கூட கனகாம்பாளையும் கூட்டிட்டு வா. நான் கூப்பிட்டதும் உள்ள வாங்க."

"கனகாம்பாளா! எதுக்கு சேச்சி?"

"வந்து பாரு."

வியாழக்கிழமை கோடவுன் நிரம்பி வழிந்தது. சாம்பிராணிப் புகைக்கு நடுவில் சுவாமி வீற்றிருந்தார். பட்டு வேட்டி, காதை மூடின ஜடாமுடி, கழுத்தில் கம்ப்யூட்டர் கீபோர்டுப் பொத்தான்களைக் கோத்த மாலை. முதுகுக்குப் பின்னால் காவித் திரை. கையெழுத்துப் போடப் பேனாவோடு நின்ற பினுவைத் தள்ளிவிட்டு, சங்கரி முன்னால் போய் உட்கார்ந்தாள். பழைய போனைத் தாம்பாளத்தில் வைத்தாள்.

"சாமி, கையெழுத்துக்கு முன்னாடி எனக்கும் ஒரு வாக்குச் சொல்லணும்."

சுவாமி கண்ணை மூடினார். உள்ளங்கையைப் போனுக்கு மேலே நீட்டினார். "மோளே... ஒரு பெண் தெரிகிறாள். 'க'... கனகம்... அம்பாள் திருநாமம்... கனகாம்பாள்!"

பினு திருதிருவென்று முழித்தான். "சங்கரி, நம்ம கனகாம்..." என்று ஆரம்பித்தவனின் தொடையில் ஒரு கிள்ளு விழுந்தது.

"அய்யோ, ஆமா சாமி! எப்பவும் எங்க கூடவேதான் சுத்துவா. அவளுக்கு என்ன?"

"வஞ்சகி! ஏலூர்த் திசையில் பேரம் முடித்துவிட்டாள். சம்பள ஆசை. உன் கம்பெனிக்கு வெட்டு விழப் போகிறது."

"ஆள் மாறிப் போகக் கூடாது பாருங்க சாமி. பாக்க எப்படி இருப்பா?"

"மாநிறம். கண்ணாடி போட்டவள். சிரித்துச் சிரித்துப் பேசுவாள்."

"படிச்சவளா சாமி?"

"இரண்டு பட்டம்!"

கூட்டம் "ஆகா" என்று உருகியது. சங்கரி வாசல் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். "ரஜிதா, கனகாம்பாளை உள்ள கூட்டிட்டு வா!"

கூட்டம் விலகி வழி விட்டது. ரஜிதா வந்தாள். அவள் பிடித்த கயிற்றின் மறு நுனியில், கழுத்தில் மணியோடு, வயிறு பெருத்த கறுப்பு ஆடு ஒன்று வந்தது. ஆவுடையம்மாள் வளர்க்கிற ஆடு. பினுவின் பையைப் பல தடவை கடித்துத் தின்ற அதே கனகாம்பாள். சுவாமியை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்து "ம்மே" என்றாள். பிறகு அவர் பாதத்தில் கிடந்த செம்பருத்தி மாலையை மேயத் தொடங்கினாள்.

சிரிப்பில் கோடவுனே ஆடியது. ஆனால் சுவாமி லேசுப்பட்டவரா? ஒரு விரலை மேலே உயர்த்தினார். "முற்பிறவியில் இவள் மனுஷிதான்!"

நம்ப மாட்டீர்கள், முன்வரிசையில் இரண்டு மூன்று பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒருத்தர் கனகாம்பாளுக்குக் கும்பிடே போட்டார். டை கட்டினவர்!

சங்கரி கோபத்தில் கத்தினாள். "முற்பிறவியில ஏலூருக்குப் பேரம் பேசினாளா? அந்த மெசேஜை எழுதினது நான், என் கையால! இங்க இருக்கிற எல்லாரும், டோக்கன் ஆப்புக்கு நீங்க எதுக்கெல்லாம் சம்மதம் அழுத்தினீங்கன்னு எடுத்துப் பாருங்க. அந்த ஆப் இல்லாத போன் இந்தா இருக்கு." அம்மாவின் பட்டன் போனைத் தாம்பாளத்தில் வைத்தாள். "இதில கடைசியா வந்த மெசேஜ் என்ன? சொல்லுங்க சாமி. சொன்னா என் பங்கையும் சேர்த்தே எழுதித் தர்றேன்."

சுவாமி உள்ளங்கையைக் காட்டினார். கண்ணை மூடினார். திறந்தார். மறுபடி மூடினார். "இன்று மேகம் கலங்கியிருக்கிறது" என்றார்.

அதற்குள் ஒரு காக்கநாட்டு முதலாளி, நெற்றி நிறையச் சந்தனத்தோடு எழுந்து போய்க் காவித் திரையை இழுத்து விலக்கினார். உள்ளே ஒரு சீடன், கம்ப்யூட்டர் முன்னால், வாயருகே மைக்கோடு உறைந்து போய் உட்கார்ந்திருந்தான். கம்ப்யூட்டர் திரை முழுக்க ஊரார் மெசேஜ்கள்.

"டேய், இது என் பொண்டாட்டி எனக்குப் போட்டதுடா!" என்று அலறினார் முதலாளி.

யாரோ ஜடாமுடியைப் பிடித்து இழுத்தார்கள். அது முழுசாகக் கையோடு வந்தது. காதுக்குள் ஒரு குட்டி ஸ்பீக்கர். முடிக்கு அடியில் இருந்த முகத்தை ஒருவன் உற்றுப் பார்த்தான். "அடே, நீ வெங்கிட்டுதானே? எர்ணாகுளத்தில செல்போன் ரிப்பேர்க் கடை வச்சிருந்தியே?" மேகானந்தர் பூமிக்கு இறங்கிய கதை இதுதான். போலீஸ் வந்தது. எழுதிக் கொடுத்த பங்கையெல்லாம் திரும்ப வாங்க, இப்போது அதே வரிசை வக்கீல் வீட்டு வாசலில் நிற்கிறது.

ரஜிதா கயிற்றைப் பிடித்தபடி அதே இடத்தில் நின்றாள். பினுவின் கையிலிருந்த தாளில் தன் பேரைப் பார்த்துவிட்டாள்.

"என்னை வெளிய அனுப்பத்தான் இங்க வந்தீங்களா, பினு சேட்டா?"

"இல்ல ரஜிதா... அது... நீ புதன்கிழமை காக்கநாட்டுக்கு... இன்டர்வியூன்னு நெனச்சு..."

"கலெக்டர் ஆபீஸுக்குப் போனேன். அப்பா போன பெறகு அம்மாவுக்குப் பென்ஷன் பேப்பர்ல பேரு மாத்த வேண்டியிருந்தது." அவள் கண் நிறைந்துவிட்டது. "ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே சேட்டா. அடுத்த மேஜையிலதானே இருந்தேன்?"

பினு தாளைக் கிழித்தான். கையெடுத்துக் கும்பிட்டான். ரஜிதா ஆட்டை ஓட்டிக்கொண்டு வெளியே போனாள். மறுநாள் வேலைக்கு வந்தாள், எர்ணாகுளத்து வேலையையும் முடித்தாள். ஆனால் இன்றுவரை பினுவோடு வேலைப் பேச்சைத் தவிர வேறு பேச்சு இல்லை. அதற்குப் பரிகாரம் எந்தச் சுவாமியிடமும் கிடையாது.

கம்பெனி நடத்துகிற பெரிய மனுஷர்களே, நாளைக்கு வேறொரு பேரில் வேறொரு வெங்கிட்டு வருவான். அவன் வாசலில் போய் நிற்குமுன் பக்கத்தில் இருக்கிற மனுஷியிடம் வாயைத் திறந்து கேளுங்கள், கேட்டதைக் கொஞ்சம் யோசியுங்கள். சொந்த மூளையால் யோசிப்பதற்கு எவனும் உங்களிடம் பங்கு கேட்க மாட்டான்.