முகம் பார்த்து நாடு எழுதுபவர்

மனிதரை இனம் பிரிப்பதற்கென்றே பிறந்த ஓர் இனம் உண்டு. ஒஸ்லோவில் அதற்கு நல்ல விளைச்சல். குறொன்லாண்டுக் கடைத்தெருவில் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டே, பக்கத்தில் நிற்பவரின் மூக்கைப் பார்த்துப் பாகிஸ்தான், நடையைப் பார்த்துச் சோமாலியா, சிரிக்காததைப் பார்த்து நோர்வே என்று தீர்ப்பெழுதி, காசு கட்டுமிடத்துக்குப் போவதற்குள் அவருடைய பூட்டனார் வரை போய்வந்துவிடுவார்கள். வாயைத் திறந்து கேட்கலாமே? கேட்டால் திறமைக்கு என்ன மரியாதை!

நம் மகேசன் இதைச் சம்பளத்துக்குச் செய்தவர். ட்வெய்ட்டாப் பக்கம் ஒரு மகப்பேற்று நிலையத்தில் வரவேற்பு மேசை அவருடையது. வருகிற கர்ப்பிணியிடம் தாய் தகப்பன் பிறந்த நாட்டைக் கேட்டுப் பதிய வேண்டும். தெற்காசியப் பெண்களுக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை வரும் வாய்ப்பு அதிகம். அவர்களை முந்திச் சோதிப்பதற்காக அந்தக் கேள்வி. மகேசன் ஒருவரையும் கேட்டதில்லை. நிமிர்ந்து ஒரு பார்வை. விரல்கள் தட்டிவிடும்.

மரியா ஹான்சன் வந்தாள். பால் நிறம், மண்ணிறக் கூந்தல். தாய்க்கு நோர்வே, தகப்பனுக்கு நோர்வே என்று தட்டினார். முந்திச் செய்ய வேண்டிய சோதனை நடக்கவில்லை.

அடுத்த முறை ஓயாத தாகத்தோடு வந்தாள். கூடவே யோகராணி என்ற ஓர் அம்மா.

"அக்கா, நீங்கள் மொழிபெயர்க்கவோ வந்தனீங்கள்?" என்றார் மகேசன். "தேவையில்லை, இவ நல்லா நொஷ்க் பாஷை கதைப்பா."

"மொழிபெயர்க்க வரேல்லை, தம்பி. தகப்பன்தான் நோர்வேக்காரன், இவளைப் பெத்தனான் நான்."

மரியாவை அழைக்கக் கதவைத் திறந்த மருத்துவிச்சி அதைக் கேட்டு அப்படியே நின்றார். பதிவைப் பார்த்தார், மகேசனைப் பார்த்தார், மரியாவை நேரே சோதனைக்குக் கூட்டிப்போனார். சர்க்கரை ஏறிக் கிடந்தது. யோகராணி அழுதார். மகேசன் தேநீரோடு போய், "பிழை என்ரை, அக்கா" என்றார்.

பிந்தினாலும் பிடிபட்டது. சோற்றைக் குறைத்து, நடையைக் கூட்டி, ஊசியும் போட்டு, மரியா சுகமாக ஒரு பெண்ணைப் பெற்றாள். பார்க்கப்போன மகேசனிடம், "ஆரைப்போலை இருக்கிறாள், தம்பி?" என்று யோகராணி கேட்டார். மனிதர் முகத்தைப் பார்க்காமல் குழந்தையின் கால்விரல்களை எண்ணத் தொடங்கினார்.

இப்போது அவர் எல்லோரையும் கேட்கிறார். பொதி கொண்டுவருபவர்கூட, "உங்கள் அம்மா எங்கே பிறந்தவர்?" என்ற கேள்விக்குப் பயந்து பொதியை வாசலிலேயே வைத்துவிட்டு ஓடுகிறார்.

சிரியுங்கள். ஆனால், கதவடியில் நின்ற மருத்துவிச்சிக்கு யாழ்ப்பாணத் தமிழ் எப்படி விளங்கியது என்று யோசித்தீர்களா? அவர் பெயர் துஷ்யா. திராமன் என்ற நோர்வே நகரில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளை. பொன்னிறக் கூந்தலும் நீலக் கண்ணும் நான் அவருக்கு வைக்கவில்லையே. வைத்தது யார்?