மறதிப் பெட்டியில் ஒரு சோபா

மறுபடியும் கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து பார்த்தார். முதலாளி போகவில்லை. திரையில் சோபாவாகவே உட்கார்ந்திருந்தார்.

தொந்திதான் மெத்தை. மீசையின் இரண்டு நுனியும் கைப்பிடி. மூக்கில் ‘தள்ளுபடி’ அட்டை.

மரச்சாமான் கடையில் பில் போடுகிறவருக்கு மத்தியானப் பொழுதுபோக்கே முதலாளியை இப்படி வரைவதுதான். நேற்று சோபா, முந்தாநாள் பீரோ. வரைந்ததைக் கடை ஆட்கள் எல்லாரும் பார்த்துச் சிரிக்கப் பொது ஃபோல்டரில் போடுவார். அது மெமரியில் மட்டும் இருப்பது. கடை பூட்டும்போது மெஷினை ரீஸ்டார்ட் செய்தால் துடைத்துவிட்டாற்போல் காலியாகிவிடும். ‘மறதிப் பெட்டி’ என்று பெயரே வைத்திருந்தார்கள்.

இன்றைக்கு அதற்கு ஞாபகசக்தி வந்துவிட்டது.

போதாக்குறைக்கு, சிரித்தே யாரும் பார்த்திராத முதலாளி வந்து சொல்லிவிட்டுப் போனார்: “சாயங்காலம் ரூமுக்கு வாங்க. மறதிப் பெட்டியில கெடக்கிறது யார் கைவேலைன்னு இன்னைக்குத் தெரிஞ்சாகணும்.”

“தெரியாதுன்னு சொல்லிடட்டுமா?” என்றார் மெத்தைப் பிரிவுப் பெண்ணிடம்.

“இந்தக் கடையில பூனைய வரைஞ்சா பூனையாட்டம் வர்ற கை உங்க ஒருத்தரோடதுதானே அண்ணே?”

வேலை போனால் வீட்டில் என்ன சொல்வது? அழிக்கப் பார்த்தார். ‘அனுமதி இல்லை’ என்றது மெஷின். சரி, அடையாளம் தெரியாமல் செய்துவிடலாம் என்று மீசையை எடுத்துவிட்டுச் சேமித்தார். பழையது போகாமல் பக்கத்தில் புதிதாக ஒன்று வந்து உட்கார்ந்தது. தொந்தியைக் குறைத்தார். மூன்றாவது வந்தது. இப்போது ஒரு முழு சோபா செட்டாகவே முதலாளி.

மெஷினைப் பார்த்துக்கொள்கிற மச்சானுக்குப் போன் போட்டார்.

“ஏண்டா, மெமரின்னா மறந்துடும்னு நீதானே சொன்னே?”

“கரன்ட் போனாத்தான் அத்தான் மறக்கும். ரீஸ்டார்ட்ல கரன்ட் எங்க போகுது? நாம கண்ணை மூடித் திறக்கிற மாதிரிதான். முன்னாடி கண்ணைத் திறந்ததும் எல்லாத்தையும் துடைச்சிட்டு உக்காரும். இப்ப, ‘இந்த மூலையை மட்டும் தொடாதே’ன்னு சொல்லி வெச்சிருக்கேன். அழிக்கவும் பூட்டுப் போட்டாச்சு.”

பயத்தையும் மீறி அவருக்கு ஆச்சரியம் வந்தது. “அடேங்கப்பா! தூங்கி எந்திரிச்சும் கனவை மறக்காதா?”

“மறக்காது. ஏன், என்ன வெச்சிருக்கீங்க?”

“நான் என்னத்தை வெக்கப் போறேன்? சும்மா கேட்டேன். கரன்ட் போனா மறந்துடும்ல?”

“போயிடும். ஆனா பக்கத்துலயே யுபிஎஸ் இருக்கே, எப்படிப் போகும்?” என்று சிரித்துவிட்டு வைத்தான்.

பிளக்கைப் பிடுங்கினார். யுபிஎஸ் ‘கீ… கீ…’ என்று ஊரைக் கூட்டியது. சோபாக்கள் அசையவில்லை. தலையணையும் கையுமாக வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“என்னங்க சத்தம்?”

“ஒண்ணுமில்லைங்க, கொட்டாவி விடுது.”

கண்ணை இறுக மூடிக்கொண்டு யுபிஎஸ் பொத்தானையே அமுக்கினார். கல்லாவில் இருந்த அத்தனை திரையும் பொக்கென்று அணைந்தன.

“பில் என்னாச்சு?” “என் கட்டில் என்னாச்சு?” என்று ஆளுக்கொரு சத்தம். முதலாளி ரூமிலிருந்து ‘ஐயோ’ என்று ஓர் அலறல்.

அலறட்டும். மெஷினைத் திரும்பப் போட்டார். பெட்டி காலி. சோபாவும் இல்லை, மீசையும் இல்லை. போன உயிர் திரும்பி வந்தது.

அப்போது போன் அடித்தது. மச்சான்.

“கெட்டுது போங்க அத்தான்! எவனோ கரன்ட்டை நிறுத்திட்டானாம், முதலாளி அழாத குறை! நேத்து அவருதானே என்னைக் கூப்பிட்டாரு! யாரோ தினமும் தன்னை வரைஞ்சு வெக்கிறாங்க, அதைப் பார்த்துச் சிரிச்சாத்தான் ராத்திரி தூக்கமே வருது, அந்த சோபாவைப் பெருசாக்கிக் கடை வாசல்ல மாட்டி, வரைஞ்ச ஆளுக்கு விளம்பர வேலையைக் குடுக்கணும், அதுவரைக்கும் அழியாமப் பாத்துக்கோன்னு அந்தப் பெட்டியையே மாத்தச் சொன்னாரு!”