ஹுஸ்னாரா அத்தரின் அதிகாரபூர்வ வரலாறு

மனிதனுக்கு மூக்கு எதற்காக வைக்கப்பட்டது என்ற கேள்விக்கு முடிவான விடை கண்ட ஊர், வடநாட்டில் அத்தர் காய்ச்சும் எங்கள் கன்னோஜ். அந்த விடையின் பெயர் 'ஹுஸ்னாரா'. மல்லிகையும் சுட்ட மண்ணும் சந்தன எண்ணெயில் இறங்கிய அந்த அத்தரை ஒரு சொட்டு காதுமடலில் வைத்தால் போதும், கோடையின் முதல் மழை பெய்த முற்றத்தில் யாரோ பூ தொடுத்துக்கொண்டிருப்பது போல இருக்கும். இப்பேர்ப்பட்ட பொருளுக்கு ஐம்பது ஆண்டுகளாக ஒரு வரலாறு இல்லாமல் இருந்தது தேசத்துக்கே நேர்ந்த தலைகுனிவு. அதைத் துடைக்கும் பெரும்பேறு, அரசுக் கல்லூரியில் முப்பத்தோரு ஆண்டுகள் இந்தி கற்பித்து ஓய்வு பெற்ற அடியேன் அவதேஷ் நிகமுக்கு வாய்த்தது.

ரஸ்தோகி பரிமள நிலையத்தின் உரிமையாளர் லாலா உமாசரண் ரஸ்தோகி ஆள் அனுப்பி என்னை வரவழைத்தார். மாடி அறையில் 'வரலாற்று ஆலோசனைக் கூட்டம்' நடந்தது. லாலா, டெல்லியில் இரண்டு வருடம் விற்பனைக் கலை பயின்று திரும்பிய அவர் மகன் நிகுஞ்ச், வக்கீல் சதுர்வேதி, நான், நடுவே ஒரு தட்டு கச்சோரி.

இந்தக் காலத்தில் யாரும் வாசனையை வாங்குவதில்லை, வாசனைக்குப் பின்னால் இருக்கும் கதையைத்தான் வாங்குகிறார்கள் என்று நிகுஞ்ச் விளக்கினான். வெளிநாட்டுப் புட்டி ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு ராணி நிற்கிறாளாம். நம் புட்டிக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று கேட்டான். சுவர் இருக்கிறது என்றார் லாலா.

நான் அப்பாவி. கதைதான் ஊருக்கே தெரியுமே என்று சொல்லிவிட்டேன். 1971 மழைக்காலத்தில் ரஸ்தோகிகளின் அத்தர்ப் பட்டறையில் ஹுஸ்னாரா என்று பதினேழு வயதுப் பெண் வேலை செய்தாள். அடுப்புக்காரரின் மகள். செப்புக் கொப்பரைகளின் மூடியைச் சுற்றி ஆவி போகாமல் களிமண் பூசுவது அவள் வேலை. ஒரு பிற்பகல், சுட்ட மண் வேகக் காத்திருந்த கொப்பரையில் ஒரு கூடை மல்லிகையைக் கொட்டி மூடிவிட்டாள். மேஸ்திரி கையை ஓங்கினார். தப்பாகப் போடவில்லை, வேண்டுமென்றேதான் போட்டேன், இறக்கி முகர்ந்து பார்த்துவிட்டு அடியுங்கள் என்றாளாம். லாலாவின் தகப்பனார் முகர்ந்தார். பிறகு புட்டிக்கு அவள் பெயரையே வைத்தார். அதன்பின் நாற்பத்து நான்கு வருடம், அவள் மூக்கு சரி என்று சொல்லாமல் ஒரு குப்பியும் அந்தப் பட்டறையை விட்டு வெளியே போனதில்லை.

லாலா கச்சோரித் தட்டைத் தள்ளி வைத்தார்.

"வேலைக்காரப் பொண்ணு பேரா?" என்றான் நிகுஞ்ச். "இதத் தெரிஞ்சுகிட்டு துபாய்க்காரன் காதுல வப்பானா?"

"எங்கப்பாவுக்கு எளகின மனசுப்பா," என்று லாலா தகப்பனார் சார்பில் மன்னிப்புக் கேட்டார்.

கூட்டம் 'ஆக்கபூர்வமான' விவாதத்தில் இறங்கியது. 1971 என்ற ஆண்டு ஒருமனதாக நிராகரிக்கப்பட்டது. 1857 முன்மொழியப்பட்டது. அந்த வருடம் ஊரெல்லாம் சண்டை, அத்தர் பூச யாருக்கு நேரம் என்று வக்கீல் ஆட்சேபித்தார். கடைசியில் 1652 நிறைவேறியது. அந்த ஆண்டுக்கு எதிராக யாருக்கும் எதுவும் தெரியாது என்பதே அதன் தனிச்சிறப்பு. பெயருக்கு ஒரு முகலாய இளவரசி தேவைப்பட்டாள்.

"அந்தக் குடும்பத்துல 'ஆரா'ன்னு முடியற பொண்ணுங்க ஏற்கெனவே ரெண்டு பேர் இருக்காங்க," என்றார் வக்கீல். "மூணாவதா ஒண்ணு இருந்துட்டுப் போனா யாருக்கு என்ன நஷ்டம்?"

என் மனசாட்சி ஒரு நாள் முழுக்க முரண்டு பிடித்தது. மறுநாள் லாலா ஒரு காஷ்மீர் சால்வை அனுப்பினார். அது குளிர்காலம்.

அறுபத்து நான்கு பக்கம் எழுதினேன். இளவரசி ஹுஸ்னாரா கங்கைக் கரையில் காதலனுக்காகக் காத்திருந்து அழுகிறாள். கண்ணீர் விழுந்த மண்ணில் மல்லிகை மணக்கிறது. ரஸ்தோகிகளின் மூதாதை அந்த மண்ணை அள்ளி வந்து காய்ச்சுகிறார். இளவரசியை முப்பது வயதுவரை வாழவைக்க நினைத்தேன். அந்த வயதில் விற்பனை படுத்துவிடும் என்று நிகுஞ்ச் சொன்னதால் பத்தொன்பதிலேயே சாகவிட்டேன். இருபத்திரண்டு அடிக்குறிப்புகள். ஆதார ஏடுகள் அனைத்தும் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டதாக இருபத்திரண்டிலும் குறிப்பிட்டேன். ஆராய்ச்சியில் நேர்மை முக்கியம்.

வெளியீட்டு விழாவுக்கு வந்த பிரமுகர், அது சோப்பு என்று நினைத்து நாற்பது நிமிடம் பேசினார். கூட்டம் கண்கலங்கியது. இளவரசியின் கல்லறை எங்கே என்று ஒருவர் கேட்க, கோடைக்குள் கண்டுபிடித்துவிடுவோம் என்று நிகுஞ்ச் உறுதியளித்தான்.

இவ்வளவும் சிறப்பாக நடந்துகொண்டிருக்கையில் ஒரு சிறு இடையூறு. ஹுஸ்னாரா உயிரோடு இருந்தார்.

அடுப்பு வெக்கையில் நிற்க முழங்கால் ஒத்துழைக்காததால் எட்டொன்பது வருடத்துக்கு முன் பட்டறையிலிருந்து நின்றவர், ஹாஜிகஞ்ச் சந்து முனையில் ஒரு பெட்டிக்கடை வைத்திருந்தார். பின்கட்டில் ஒரே ஒரு சின்னக் கொப்பரை. கடை நெற்றியில் 'ஹுஸ்னாரா அத்தர்' என்று நீலப் பலகை. அங்கே வக்கீலின் நோட்டீஸ் போனது. மேற்படி பெயர் 1652 முதல் நிறுவனத்தின் உரிமை. எதிர்தரப்பு அதைப் பயன்படுத்துவது பொதுமக்களைக் குழப்புவதாகும், மறைந்த இளவரசியை அவமதிப்பதாகும். ஆதாரமாக ஒரு நூல் இணைக்கப்பட்டுள்ளது. அந்த நூல் என்னுடையது.

ஹுஸ்னாரா கோர்ட்டுக்குப் போகவில்லை. அத்தர் வியாபாரிகள் சங்கத்தில் முறையிட்டார். செவ்வாய்க்கிழமை சந்தை விடுமுறையில் விசாரணை நடந்தது. நானும் 'வரலாற்று நிபுணர்' என்ற தகுதியில் முன்வரிசையில் அமர்த்தப்பட்டேன். பெயருக்கு என்ன ஆதாரம் என்று தலைவர் கேட்டார். ஹுஸ்னாரா தம் வாக்காளர் அட்டையை மேசைமேல் வைத்தார்.

"இது 1995ல குடுத்தது," என்றார் சதுர்வேதி. "இளவரசி 1652. யாரு முந்தி?"

"வக்கீல் சாப், அந்தப் புள்ள எத்தன வயசுல செத்துச்சு?"

"பத்தொம்பது."

"எனக்கு எழுவது ஆவுது. அப்ப யாரு மூத்தவ?"

இது 'பரிசீலிக்கத் தக்க கருத்து' என்று தலைவர் பதிவேட்டில் குறித்துக்கொண்டார். பரிசீலிக்கவில்லை.

ஹுஸ்னாரா லாலாவின் பக்கம் திரும்பினார். குரல் உயரவே இல்லை.

"உமா, ஒனக்கு மூணு வயசுல சளி புடிச்சு மூக்கடைச்சுக்கும். ஒங்கப்பா ஒன்னத் தூக்கிட்டு எங்கிட்டதான் வருவாரு. எம் மடியில படுக்கப்போட்டு ஆவி புடிச்சுவிடுவேன். அப்ப என்னன்னு கூப்பிடுவே, சொல்லு."

லாலா மின்விசிறியைப் பார்த்தார். அது ஓடவில்லை.

"ஹுஸ்னா சாச்சின்னு," என்றார் கடைசியில், சித்தி முறை சொல்லி. "ஒங்கமேல எனக்கு மரியாதை இல்லாம இல்ல சாச்சி. ஆனா பேரு கம்பெனியோடதாச்சே."

சங்கம் கருணையோடு தீர்ப்பளித்தது. ஹுஸ்னாரா தம் பெயரை வீட்டுக்குள்ளும், ரேஷன் அட்டையிலும், உறவினர் திருமணப் பத்திரிகைகளிலும் தடையின்றிப் பயன்படுத்தலாம். பலகையிலும் புட்டியிலும் கூடாது. கல்லறையில் பொறிப்பதானால் நிறுவனத்திடம் முன்கூட்டியே எழுத்துமூலம் அனுமதி பெற்றால் போதும்.

மறுநாள் அவரே முக்காலி போட்டு ஏறிப் பலகைக்குச் சுண்ணாம்பு அடித்தார். யாரையும் திட்டவில்லை. கடையைத் திறந்து உட்கார்ந்தார். வெற்றுப் பலகையைப் பார்த்து இது யார் கடை என்று வெளியூர்க்காரர்கள் கேட்டார்கள். தெருவில் எல்லோரும் சங்கத் தீர்ப்புக்குப் பயந்து பெயரைச் சொல்லாமல் கையை மட்டும் காட்டினார்கள். இரண்டு மாதத்தில் லக்னோவிலிருந்து வருகிறவர்கள்கூட 'பேரில்லாத அத்தர்' இருக்கிறதா என்று விசாரித்து வந்தார்கள். நிகுஞ்சுக்கு இது எட்டியது. 'பேரில்லாதது' என்ற பெயரைத் தங்கள் நிறுவனத்தின் பேரில் பதிவு செய்ய வக்கீல் மனுப் போட்டிருக்கிறார். மனு பரிசீலனையில் உள்ளது.

நான் அந்தக் கடைக்குப் போனது மன்னிப்புக் கேட்க அல்ல. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அத்தர் வாங்கத்தான் போனேன். நிறுவனத்தின் புதிய ஹுஸ்னாராவில் தங்க எழுத்து இருந்தது, இளவரசி படம் இருந்தது, வாசனை இல்லை. சரி என்று சொல்ல ஒரு மூக்கு இல்லாமல் அவர்களால் எதைக் காய்ச்ச முடியும்?

அவர் மண்குவளையில் தேநீர் கொடுத்தார். கல்லாவுக்குப் பக்கத்திலிருந்து என் புத்தகத்தை எடுத்தார். நோட்டீஸோடு வந்த பிரதி. அட்டை மடங்காமல் துணியில் சுற்றி வைத்திருந்தார்.

"எனக்குப் படிக்கத் தெரியாது மாஸ்டர்ஜி. எம் பேரு நெறைய எடத்துல வருதாமே. கொஞ்சம் படிச்சுக் காட்டுங்க."

இரண்டு பிற்பகல்கள் படித்தேன். எந்த மாணவனும் என் வகுப்பை அப்படிக் கேட்டதில்லை. இளவரசி பன்னீர்ச் செம்பில் கண்ணீர் விடும் இடத்தில் மட்டும் நிறுத்தச் சொன்னார். உப்பு பட்டால் பன்னீர் கெட்டுவிடும், அந்தப் பெண்ணுக்கு யாரும் சொல்லித்தரவில்லையா என்று வருத்தப்பட்டார். அவள் சாகும்போது நாக்கைத் தட்டி, சின்ன வயசு, பாவம் என்றார். அடிக்குறிப்புகளையும் விடவில்லை. இருபத்திரண்டு வெள்ளங்களையும் பொறுமையாகக் கேட்டார்.

முடித்ததும் மண்குவளைகளை எடுத்து ஓரமாக வைத்தார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க," என்றார். "இதுல நெசம்னு ஒரு வரி இருக்கா? இருந்தா அத மட்டும் இன்னொரு தடவ படிங்க."

ஆசிரியர் வேலை பார்த்தவன். கேள்வி கேட்டால் தேடாமல் விடமாட்டேன். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினேன். ஆண்டு இல்லை. இளவரசி இல்லை. மூதாதை இல்லை. கங்கைகூட நான் எழுதிய இடத்தில் ஓடவில்லை. கடைசி அட்டையின் உட்புறத்தில், பொடி எழுத்தில், ஒரே ஒரு வரி கிடைத்தது.

அதை அவருக்குக் கேட்கும்படி படித்தேன்:

"எழுதியவர்: அவதேஷ் நிகம்."