நூலகத்துக்கு ஒரு பேய் தேவை

பேய்க்கு எந்த அலமாரி வசதிப்படும் என்று நூலகர் காலையிலிருந்து தேடிக்கொண்டிருந்தார். சமையல் அலமாரிக்குப் பின்னால் இடம் போதவில்லை. சட்ட அலமாரியில் கரையான். கடைசியில் வரலாற்று அலமாரிக்குப் பின்னால் சுவரோரமாக ஒரு சந்து கிடைத்தது. வயிற்றை எக்கிக்கொண்டால் ஒரு ஆள் நிற்கலாம்.

"உள்ள என்ன சார் பண்றீங்க?" விளக்குமாற்றோடு எட்டிப் பார்த்தார் உதவியாளர் அம்மா. பெருக்குவது, அடுக்குவது எல்லாம் அவர்தான்.

"பேயா இருக்கப் போறேன்."

"காலையில சாப்பிட்டீங்களா?"

"விளையாடலம்மா. மேலதிகாரி போன் பண்ணார். நாற்காலியெல்லாம் காலியாக் கிடக்குதாம். மாசக் கடைசியில நேர்ல வந்து பாப்பாராம். அப்பவும் இப்படியே இருந்தா இந்தக் கிளைய மூடிட்டு என்னைப் பெரிய நூலகத்துக் கிடங்குல போடுவாராம்."

அந்தக் கிடங்கை நூலகர் பார்த்திருக்கிறார். ஜன்னல் கிடையாது. கிழிந்த புத்தகங்களைக் கொண்டுபோய்ப் போடுகிற இடம். கிழிந்த நூலகர்களையும் போடுவார்கள் போலிருக்கிறது.

ஆள் வராததற்குக் காரணம் செல்போன் என்று அவர் முடிவுகட்டியிருந்தார். அதிகாரிகள் வேறு காரணம் சொன்னார்கள். அவர்கள் சொல்வதை அவர் நம்புவதில்லை. பொதுவாகவே மனிதர்கள் சொல்வதை அவர் நம்புவதில்லை. புத்தகம் கேட்டு வந்தவர் இரண்டு கைகளையும் விரித்துக் காட்ட வேண்டும். அழுக்கில்லை என்றால்தான் புத்தகம். திரும்பி வந்த புத்தகத்தைப் பக்கம் பக்கமாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். படிப்பவர் முதுகுக்குப் பின்னால் நின்று, தாளை எப்படிப் புரட்டுகிறார் என்று கவனிப்பார். அவ்வளவு பொறுப்பான மனிதர்.

தப்பித்தவறி வந்த சிலரும் கேட்டது பேய்க் கதைதான். அப்படி அதில் என்ன இருக்கிறது என்று போன வாரம் ஒரு கட்டு வீட்டுக்குத் தூக்கிப் போய்ப் படித்திருந்தார்.

"எல்லாக் கதையிலயும் ஒரு பழைய நூலகம் வருது" என்றார் மனைவியிடம். "ஒரு பெரிய தடிப் புத்தகம் தானா கீழ விழுது. லைப்ரரியன் 'அதைத் தொடாதீங்க'ன்னு சொல்றான். உடனே எல்லாரும் தொடறாங்க. இங்க நான் தொடுங்கன்னு கெஞ்சினாலும் ஆள் இல்ல."

"அப்புறம் அந்த லைப்ரரியன் என்ன ஆனான்?"

"மூணாவது அத்தியாயத்துல செத்துட்டான்."

"எந்தக் கதையில?"

"எல்லாத்துலயும்."

"எழுதறவங்களுக்கு அப்படி என்ன கோபமோ" என்று மனைவி துணி மடிக்கப் போய்விட்டார்.

நூலகர் அதைக் காதில் வாங்கவில்லை. பேய் இருக்கிற நூலகத்துக்குக் கூட்டம் வருகிறது. அவருக்கு அது போதும்.

உதவியாளர் அம்மா தெருவில் செய்தியைப் பரப்பினார். நூலகர் ஒரு தடிப் புத்தகத்தில் நூல் கட்டிக்கொண்டு சந்துக்குள் நின்றார். முதலில் வந்தவர் எதிர்க்கடைத் தையல்காரர். வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு மெதுவாக உள்ளே வந்தார்.

நூலகர் நூலை இழுத்தார். புத்தகம் தொப்பென்று விழுந்தது.

தையல்காரர் அதை எடுத்தார், தூசி தட்டினார், தோட்டக்கலை அலமாரியில் செருகினார்.

நூலகருக்கு ரத்தம் தலைக்கேறியது. வரலாற்றைக் கொண்டுபோய்த் தோட்டக்கலையிலா! வெளியே பாய்ந்து நாலு வார்த்தை கேட்டிருப்பார். பேய் அப்படிச் செய்யக் கூடாதே என்று வாயைப் பொத்திக்கொண்டார். அடக்கிய கோபம் "ஊ...ஊ...ம்" என்று ஒரு ஊளையாக வெளியே வந்தது.

தையல்காரர் திரும்பிப் பார்த்தார். சந்துப் பக்கம் காது கொடுத்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு, சாயங்காலம் வரை உட்கார்ந்து படித்தார்.

மறுநாள் அவர் கூடவே முடிவெட்டுகிறவர் வந்தார். அடுத்த நாள் பக்கத்துத் தெரு நர்ஸம்மா, அவருடைய நாத்தனார், பஸ் ஓட்டுநர். அந்த வாரமே நாற்காலி போதாமல் ஜன்னல் திண்டில் உட்கார்ந்தார்கள்.

"பாத்தியா?" என்று நூலகர் வீட்டில் மார்தட்டினார். தொண்டை கட்டிப்போய்க் காற்றுதான் வந்தது. மனைவி வெந்நீர் கொடுத்தார்.

பேய் வேலை லேசானதல்ல. தூசியில் தும்மல் வரும், அதையும் ஊளையாக மாற்ற வேண்டும். அதைவிடக் கொடுமை காதில் விழுகிற சத்தங்கள். யாரோ எச்சில் தொட்டுத் தாள் புரட்டுவார். யாரோ பக்கத்தை மடிப்பார். நர்ஸம்மாவும் நாத்தனாரும் ஒரே புத்தகத்தை இரண்டு பேராகப் படித்துச் சிரிப்பார்கள். பேய் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கும். தாங்க முடியாதபோது இன்னும் பலமாக ஊளையிடும். அது எவ்வளவு பலமோ அவ்வளவு கூட்டம் வந்தது.

அப்போதுதான் மேலதிகாரி மறுபடி போன் செய்தார்.

"உங்க நூலகத்துல பேய் இருக்குதாமே? தெருவே பேசுது. பேய் நடமாடற கட்டடத்தை நான் எப்படிய்யா திறந்து வைக்கிறது? நாளைக்கே வரேன். ஏதாவது ஊளை கேட்டுது, அங்கேயே பூட்டுதான்."

நூலகர் நாற்காலியில் சரிந்தார். பேய் இருந்தால் பூட்டு. பேய் இல்லாவிட்டால் கூட்டம் இல்லை, அதற்கும் பூட்டு.

"ஒரு நாள் ஊளைய நிறுத்தினா என்ன? வந்து பழகிட்டாங்க, வருவாங்க" என்றார் உதவியாளர் அம்மா.

மறுநாள் அதிகாரி வந்தபோது நூலகர், சட்டை மடிப்புக் கலையாமல் வாசலுக்கு நேரே இருந்த மேசையில் உட்கார்ந்திருந்தார். உள்ளே வந்த நர்ஸம்மா அவரைப் பார்த்தார், அப்படியே திரும்பிப் போனார். பஸ் ஓட்டுநர் படியிலேயே நின்றுவிட்டார். காலையில் உதவியாளர் அம்மா கதவைத் திறந்ததுமே வந்து உட்கார்ந்திருந்தவர்களும் ஒருவர் பின் ஒருவராகப் புத்தகத்தை மூடி நழுவினார்கள்.

"கூட்டம் தாங்கலைன்னு சொன்னாங்க, எங்கய்யா கூட்டம்?" என்றார் அதிகாரி.

பேயைக் காணோமென்று போகிறார்கள், பாவிகள்! நூலகருக்கு வியர்த்தது.

"ஒரு நிமிஷம் சார், தண்ணி கொண்டாரேன்." அலமாரிக்குப் பின்னால் ஓடினார். "ஊ...ஊ...ம்!"

"அது என்ன சத்தம்?"

"குழாய் சார். காத்து அடைச்சிருக்கு" என்றார் உதவியாளர் அம்மா.

அதற்குள் வாசலில் செருப்புகள் குவிந்துவிட்டன. நர்ஸம்மா, நாத்தனார், ஓட்டுநர், முடிவெட்டுகிறவர். நாற்காலிகள் நிறைந்தன. அதிகாரி கண்ணைக் கசக்கிக்கொண்டார்.

நூலகர் பெருமையோடு தண்ணீர்ச் செம்புடன் வெளியே வந்தார். "பாத்தீங்களா சார் கூட்டத்தை?"

திரும்பிப் பார்த்தால் நாற்காலிகள் காலி. ஓட்டுநரின் முதுகு மட்டும் படியிறங்கிக்கொண்டிருந்தது.

"எங்கய்யா போனாங்க?"

"பிஸ்கட் கொண்டாரேன் சார்!"

உள்ளே போனார், ஊளையிட்டார், கூட்டம் வந்தது. பிஸ்கட்டோடு வந்தார், கூட்டம் போனது. மின்விசிறி வேகத்தைக் கூட்டப் போனார், வந்தது. கூட்டிவிட்டு வந்தார், போனது. அதிகாரிக்குத் தலை சுற்றியது. நூலகருக்கும் மூச்சு முட்டியது. கடைசியில், பூட்டினால் பூட்டட்டும், நாற்காலிகள் நிறைந்திருக்கும்போதாவது பூட்டட்டும் என்று சந்துக்குள் போனவர் வெளியே வரவே இல்லை. உயிரைக் கொடுத்து ஊளையிட்டார்.

நூலகம் நிரம்பி வழிந்தது. அதிகாரிக்கே உட்கார இடமில்லை. அவர் நேராகத் தையல்காரரிடம் போய்க் குனிந்தார்.

"உண்மையச் சொல்லுங்க. இந்தக் குழாயெல்லாம் நான் நம்பல. பேயப் பாக்கத்தான் இவ்வளவு பேரும் வர்றீங்களா?"

சந்துக்குள் ஊளை நின்றது. நூலகர் அலமாரியில் காதை வைத்தார்.

தையல்காரர் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: "பேயாவது பிசாசாவது! அங்கேருந்து ஊளை கேட்டா லைப்ரரியன் சீட்டுல இல்லைன்னு தெரிஞ்சிடும் சார், அந்தத் தைரியத்துலதான் நாங்க உள்ளயே வர்றோம்."