‘வராதீர்கள்’ என்பதற்கு அந்த மொழியில் என்ன?

அன்புள்ள மைத்துனருக்கு,

அத்தான் எழுதுவது. இந்த நிமிடம் வரை நானும் உன் அக்காவும் நலம். உங்கள் நலத்தைக் கடிதத்திலேயே தெரிவிக்கவும். போன் மணி கேட்டாலே நான் கொல்லைப்பக்கம் போய்விடுகிறேன்.

“வெளிநாட்டு மொழி ஒண்ணு கத்துக்கோங்க அத்தான், சம்பளம் தானா ஏறும்” என்று நீ வாங்கித் தந்த புத்தகத்தைப் பன்னிரண்டு பாடமும் நெட்டுருப் போட்டேன். நீ சொன்னது பொய்யில்லை. நாற்பத்தெட்டு வயதில் இன்ஷூரன்ஸ் ஆபீசின் தபால் பிரிவிலிருந்து தனி அறைக்கு ஏறினேன். சம்பளம் இரண்டு மடங்கு. வேலை என்னவென்றால், கடல் கடந்த ஓர் ஊரில் இறந்துபோன பாலிசிதாரர்களின் வீட்டுக்குப் போன் போட்டு, வாரிசு யார் என்று கேட்டு எழுதுவது. முதல் நாள் போனை எடுத்தவர், இறந்தவரின் பெயரையே தன் பெயராகச் சொன்னார். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைத்திருப்பார்கள் என்று நினைத்தேன், நம் புத்தி அப்படித்தானே போகும். பிறந்த தேதியும் அதேதான். நாலாவது வீட்டிலும் அதே கதை. “ஐயா, நீங்கள்தான் இல்லையே” என்று சொல்லலாமென்றால், ‘இல்லை’ பன்னிரண்டு பாடத்திலும் வரவில்லை; பதிமூன்றாம் பாடத்தில் வரும் போலிருக்கிறது. அது இரண்டாம் புத்தகம். எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டேன். அதோடு விட்டேனா? வெறுமனே ‘வைக்கிறேன்’ என்றால் மரியாதையில்லை என்று, ‘போய்விட்டு வருகிறேன்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றி ஒவ்வொருவரிடமும் சொல்லிவைத்தேன். அவர்கள் அதை வாக்காக எடுத்துக்கொண்டார்கள். மறுவாரம் அவர்களே கூப்பிட்டார்கள்: “வரேன்னீங்களே, நாற்காலி போட்டு வச்சிருக்கோம்.” போன வெள்ளிக்கிழமை, “நீங்க வர்ற மாதிரி தெரியல. நாங்களே வரட்டுமா?” என்றார்கள். ஆமாம் என்றேன். வேறென்ன தெரியும் எனக்கு?

மேலாளரிடம் ஓடினேன். “அந்த ஊர் லைனை அறுத்து அஞ்சு வருஷமாச்சே. அங்கயும் பேச வச்சிட்டீங்களே!” என்று மெச்சி, இன்னொரு சம்பள உயர்வுக்குக் கையெழுத்துப் போட்டார்.

“வேலையும் வேணாம், உசந்த சம்பளமும் வேணாம், விட்டுத் தொலைங்க” என்கிறாள் உன் அக்கா. எனக்குப் பயமாக இருக்கிறது மச்சான். நேற்றுப் பட்டப்பகலில் வாசல் மணி அடித்தது. திறந்தால் ஆளில்லை; கால்மிதியில் நாலு ஜோடி ஈரத் தடம், எல்லாம் உள்பக்கம் பார்த்து. இரண்டாம் புத்தகத்தை உடனே அனுப்பு. ‘வராதீர்கள்’ என்ற ஒரு சொல் போதும்.

பெரியவர்களுக்கு வணக்கமும் பிள்ளைகளுக்கு ஆசியும் சொல்லவும்.

உன் அத்தான்

பி.கு.: புத்தகம் வேண்டாம். கடிதத்தை ஒட்டுவதற்குள் நாலு பேரும் வந்துவிட்டார்கள். சோபாவில் அடக்கமாக உட்கார்ந்தார்கள்; தண்ணீரைத் தொடவில்லை. அவர்கள் மொழியில் ‘இல்லை’ என்ற சொல்லே கிடையாதாம்; அதனால்தான் அவர்கள் இன்னும் இல்லாமல் போகவில்லையாம். “உங்களை இதைக் கத்துக்கச் சொன்ன நல்லவர் யாரு?” என்று கேட்டார்கள். உன் விலாசத்தைக் கொடுத்தேன். அவர்கள் கிளம்பும்போது வாய்ப் பழக்கத்தில் “போயிட்டு வாங்க” என்றும் சொல்லித் தொலைத்துவிட்டேன். ஆகையால் அங்கே வந்ததும் அவர்களைத் திருப்பி அனுப்பாதே. நீயே வைத்துக்கொள், உனக்குப் புண்ணியமாகப் போகும்.