கனடாவுக்குக் கிளம்பிய ஓட்டோ

நான் கனடாவுக்குப் போவதென்று முடிவெடுத்தேன். அதை ஒருவருக்கும் சொல்வதில்லை என்றும் முடிவெடுத்தேன். முக்கியமாக, என் மனைவி சுகிர்தாவுக்கு.

தப்பாக நினைக்காதீர்கள். வீட்டை விட்டு ஓடுகிற எண்ணம் இல்லை. எங்கள் ஆட்களுக்குள் இது ஒரு வழக்கம். வெளிநாட்டுக்குப் போகிறவன் பிளேன் மேலே எழும்பும்வரை மூச்சு விடக் கூடாது. விட்டால் கண் படும். கண் பட்டால் விசா வராது. சந்தியில் என்னோடு ஓட்டோ நிறுத்துகிற ஒருவன், "மச்சான், தேங்காய் வாங்கிட்டு வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். அடுத்த வாரம் பனிக்குள் நின்று போட்டோ போட்டிருந்தான். கையில் தேங்காய் இல்லை.

என் பெயர் நிரோஷன். அம்பிட்டிய சந்தியில் ஓட்டோ ஓட்டுகிறேன். வீட்டில் சுகிர்தா, மூன்று வயதில் ஒரு மகள், வாசலில் சிவப்பு நிறத்தில் ஒரு ஓட்டோ. சம்பாதிப்பது ஓட்டோ. சாப்பிடுவது நாங்கள். அது ஒருநாள் படுத்தால் எங்கள் அடுப்பும் சேர்ந்து படுத்துவிடும்.

கனடா ஆசையை எனக்குள் ஊற்றியவர் கறுப்பையா. கண்டி டவுனில் ஒரு போன் கடைக்கு மேல்மாடியில் அவருடைய ஏஜன்சி. கோட், டை, ஆள் வருமுன்னே வருகிற சென்ட் வாசனை. சுவரில் ஒரு பெரிய உலகப்படம். பக்கத்தில் பிரேம் போட்ட அனுமதிப் பத்திரம், அதில் தங்க நிறத்தில் ஒரு முத்திரை. தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், நம்ம ஆள். அவர் வாயில் 'முடியாது' என்ற சொல்லே கிடையாது.

"அண்ணே, எனக்கு இங்கிலீஷ் வராது."

"தேவையே இல்ல சேர். ஆப்பிள் பறிக்கிற வேலதானே. ஆப்பிளுக்கு இங்கிலீஷ் தெரியுமா?"

"படிப்பும் கம்மி."

"அதுதான் சேர் நமக்கு வசதி. படிச்சவன் கேள்வி கேப்பான்."

"ஆப்பிள் பறிச்சுப் பழக்கம் இல்லியே?"

கறுப்பையா கதிரையை முன்னுக்கு இழுத்தார். "சேர், உங்க அம்மா என்னா வேல செஞ்சாங்க?"

"தோட்டத்துல கொழுந்து பறிச்சாங்க."

"அவங்க அம்மா?"

"அவங்களும் கொழுந்துதான்."

"பாத்தீங்களா! பரம்பரையா பறிக்கிற கை. கொழுந்து பறிச்ச குடும்பத்துக்குன்னே கனடாக்காரன் தனியா கோட்டா வச்சிருக்கான் சேர். வெளியில சொல்றதில்ல. சொன்னா எல்லாரும் வந்துருவாங்க."

என் கையைத் திருப்பிப் பார்த்தேன். பரம்பரைக் கை. இதுவரை அது பறித்தது பஸ்காரனிடமிருந்து ஆட்களை மட்டும்தான். அது இவ்வளவு நாளும் எனக்குத் தெரியாத ஒரு திறமையோடு இருந்திருக்கிறது.

"நான் என்னா செய்யணும் அண்ணே?"

"பாஸ்போட்ட இன்னைக்கே குடுத்துட்டுப் போங்க. அடுத்த மாசம் காசுக்குப் பதிலா ஓட்டோவக் கொண்டுவந்து எங்கிட்ட விடுங்க. டிக்கட், விசா, குளிர் கோட் எல்லாம் நான் பாத்துக்கிறேன். ஒரே ஒரு விசயம் சேர். வீட்டுல கூட மூச்சு விட்டுறாதீங்க. பொம்பளைங்க வாயில விழுந்த விசா எம்பசிக்குப் போய்ச் சேராது."

எவ்வளவு அனுபவமுள்ள பேச்சு! பாஸ்போட்டைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அன்றிலிருந்து பயிற்சி. முதலில் குளிர். கண்டிக் குளிர் கனடாவுக்குக் காணாது. ஃபிரிஜ்ஜைத் திறந்து, ஐஸ் பெட்டிக்குள் வலது கையை விட்டுக்கொண்டு நின்றேன்.

"என்னங்க தேடுறீங்க?" பின்னால் சுகிர்தா.

"ஐஸ்."

"ஐஸுக்கு மேலதான் கை இருக்கு."

"நல்ல ஐஸா பாத்துத் தேடுறேன்."

"ம்ம்" என்றாள். அவளுடைய 'ம்ம்' அலுமாரியில் மடித்து வைத்த சேலை மாதிரி. பார்க்கச் சின்னதாக இருக்கும். பிரித்தால் முடிவே இருக்காது. நான் அன்றைக்குப் பிரித்துப் பார்க்கவில்லை.

அடுத்தது பறித்தல். பக்கத்து வீட்டு பாலம்மா அக்காவின் கொய்யா மரத்தில் ஏறினேன். முதுகில் அழுக்குத்துணிக் கூடை. கொழுந்துக் கூடை மாதிரியே கயிற்றைத் தலையில் மாட்டியிருந்தேன். கீழே சுகிர்தா, மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, பாலம்மா அக்காவோடு அண்ணாந்து பார்த்தாள்.

"தங்கச்சி, ஒன் வீட்டுக்காரருக்கு என்னாம்மா வந்துச்சு?"

"தெரியலக்கா. நேத்து ஐஸுக்குள்ள கைய விட்டுக்கிட்டு நின்னாரு. இன்னைக்கு மரத்துல நிக்கிறாரு."

"பிஞ்சையும் சேத்துப் பறிக்கிறாரே! தம்பி, எறங்குங்க தம்பி!"

பரம்பரைக் கைக்குக் காயும் பிஞ்சும் ஒன்றுதான். நான் நிறுத்தவில்லை. அன்று பின்னேரம் அவர்கள் இரண்டு பேரும் வேலியோரமாக நெடுநேரம் குசுகுசுத்தார்கள். கொய்யாவைப் பற்றி என்று நினைத்துக்கொண்டேன்.

சில நாள் போனது. சோறு போட்டுக்கொண்டே சுகிர்தா மெல்ல ஆரம்பித்தாள்.

"என்னங்க, கடுகண்ணாவையில ஒரு சாத்திரக்காரரு இருக்காரு. உங்க குறிப்பக் கொண்டுபோய்க் காட்டினேன்."

"என்னாவாம்?"

"ஏழரைச் சனியாம்."

பிசைந்த சோற்றைத் திரும்பத் தட்டிலேயே வைத்தேன்.

"வாகனம் உங்க பேர்ல இருக்கவே கூடாதாம். இருந்தா எடுத்த காரியம் எதுவும் கைகூடாதாம். முக்கியமா..." பருப்பை ஊற்றினாள். "தூரப் பயணம்."

தூரப் பயணம்! இவளுக்கு ஒன்றுமே தெரியாது. ஆனால் சனிபகவானுக்கு என் கனடா விசயம் தெரிந்திருக்கிறது!

"அதுக்குப் பரிகாரம் ஒண்ணும் இல்லியா?"

"வாகனத்தப் பொஞ்சாதி பேருக்கு மாத்திட்டா சனிக்கு அங்க வேல இல்லையாம். எனக்கு இதெல்லாம் விளங்காதுங்க. வேணாம்னா விடுங்க."

"ஏன் விடணும்? நாளைக்கே மாத்துவோம்!"

"நாளைக்குத் துணி தொவைக்கணும். நாளன்னைக்குப் பாப்போம்."

அவளுக்கு அவசரமே இல்லை. எனக்குத்தான் அவசரம். எங்கள் சந்தியில் பாதி ஓட்டோ மனைவிமார் பேரில்தான் ஓடுகிறது. மீதி பிள்ளைகள் பேரில். சனிக்குப் பயப்படாத ஓட்டோ அம்பிட்டியவில் இல்லை. சாத்திரக்காரரிடம் நானே ஒரு நடை போய்க் கேட்டிருக்கலாம்தான். போனால், "என்னா பயணம்?" என்று கேட்பார். ரகசியம் போய்விடும்.

கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறைக்கு சுகிர்தா என்னைக் கூட்டிப்போனாள். லோயர் ஜஹானா மிஸ். அங்கே உலகப்படம் இல்லை. சென்ட் வாசனை இல்லை. மிஸ் கடதாசியை ஒரு வரி விடாமல் வாசித்துக் காட்டினார். எனக்குக் கொட்டாவி வந்தது.

"இதுல கையெழுத்து வச்சா ஓட்டோ உங்க மனைவிக்குச் சொந்தம். விளங்கிச்சா?"

"விளங்கிச்சு மிஸ்."

"யாரும் உங்களக் கட்டாயப்படுத்தல்லயே?"

"இல்ல மிஸ். நான்தான் இவளக் கட்டாயப்படுத்திக் கூட்டிட்டு வந்தேன்."

மிஸ் சுகிர்தாவைப் பார்த்தார். சுகிர்தா நிலத்தைப் பார்த்தாள். நான் கையெழுத்து வைத்தேன். சனியையே ஏமாற்றிய சந்தோசத்தில் வீடுவரை விசிலடித்துக்கொண்டு வந்தேன்.

ஓட்டோவைக் கொடுக்கிற நாள் வந்தது. கழுவித் துடைத்து, குங்குமம் வைத்து, கறுப்பையாவின் வாசலில் நிறுத்தினேன். கொஞ்சம் கண்ணீர்கூட வந்தது. அவர் இறங்கி வந்து சீட்டைத் தட்டினார். டயரை உதைத்தார். ஓட்டோவின் பதிவுப் புத்தகத்தை வாங்கிப் பிரித்தார்.

"சேர், யாரு இந்த சுகிர்தா?"

"என் வொய்ஃப்."

"ஓட்டோ ஏன் சேர் அவங்க பேர்ல இருக்கு?"

"சனி அண்ணே."

கறுப்பையா புத்தகத்தை இன்னொரு தரம் புரட்டினார். டையைத் தளர்த்தினார்.

"சனியவும் நானே பாத்துக்கிட்டிருப்பேனே சேர்! சரி, அவங்களக் கூட்டிட்டு வந்து கையெழுத்து வைக்கச் சொல்லுங்க. சுருக்கா. அங்க ஆப்பிள் பழுத்துருச்சு."

வேறு வழியில்லை. அதே ஓட்டோவில் வீட்டுக்குத் திரும்பிப் போனேன். சுகிர்தா மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"சுகி, ஒண்ணு சொல்லணும். கோவிக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"நான் கனடா போறேன்."

"இந்தா, இந்த வாய் மட்டும்" என்றாள் மகளிடம். பிறகு என்னிடம், "எப்ப?"

"நீ கையெழுத்து வச்சதும். ஓட்டோவக் குடுத்தாத்தான் அனுப்புவாங்க."

"ஓட்டோவக் குடுத்துட்டா நாங்க என்னத்தச் சாப்பிடுறது?"

"நான்தான் அனுப்புவேனே! டொலர்ல!"

"டொலர் வர்ற வரைக்கும்?"

ஐஸுக்குப் பயிற்சி எடுத்தேன். ஆப்பிளுக்குப் பயிற்சி எடுத்தேன். இந்தக் கேள்விக்கு எடுக்கவில்லை.

"கொய்யா இருக்கு" என்றேன்.

அவள் கோபிக்கவில்லை. அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"நீங்க ஆசப்பட்டுட்டீங்க. நான் கையெழுத்து வைக்கிறேங்க. ஆனா அந்த ஏஜன்சிக்காரரோட அனுமதிப் பத்திரத்த ஜஹானா மிஸ் ஒருக்காப் பாக்கணும். மிஸ் சரின்னா அந்த எடத்துலயே வைக்கிறேன்."

"தாராளமா! பிரேமே போட்டு வச்சிருக்காரு!"

ஏஜன்சிக்குப் போய், கறுப்பையா டீ சொல்ல இறங்கிய நேரம் பார்த்துப் போனில் படம் பிடித்தேன். மிஸ் அதைப் பெரிதாக்கிப் பார்த்தார். எங்கோ போன் எடுத்தார். சிங்களத்தில் பேசினார். எழுதினார். போனை வைத்தார்.

"நிரோஷன், இது வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் குடுத்த அனுமதி இல்ல. அவங்க பதிவுல இப்படி ஒரு ஏஜன்சியே இல்லயாம்."

"தங்க முத்திர இருக்கே மிஸ்?"

"கேக் பெட்டியிலயும்தான் இருக்கு."

"அப்ப கொழுந்துக் கோட்டா?"

மிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிப்பை அடக்குகிறவர்கள் அப்படித்தான் துடைப்பார்கள். "அப்படி ஒரு கோட்டா எங்கயும் இல்ல."

"ஒழுங்கான வழி ஏதும் இருக்கா மிஸ்?"

"பணியகத்துல பதிஞ்ச ஏஜன்சியாப் பாருங்க. எந்தக் கம்பனி, என்ன வேலை எண்டு எழுத்துல வாங்குங்க. கையெழுத்து வைக்க முந்தி என்கிட்ட கொண்டுவாங்க, வாசிச்சுச் சொல்றேன். ஆனா இப்ப உங்க கையில இருக்கிறத வச்சு, முடியாது."

முடியாது! என் முகத்துக்கு நேரே அந்தச் சொல்லைச் சொன்ன முதல் ஆள் அவர்தான். கேட்கக் கஷ்டமாக இருந்தது. ஆனால் என்னவோ, கறுப்பையாவின் எல்லா 'முடியும்'களையும் விட அதுதான் உண்மை மாதிரி இருந்தது.

"எம்பசியில நேரா கேப்பாங்க" என்றார் மிஸ். "எங்க போறீங்க? எதுக்குப் போறீங்க? எப்ப திரும்புவீங்க? திரும்பி வருவீங்க எண்டதுக்கு என்ன ஆதாரம்? அங்க நிண்டு 'கறுப்பையா சொன்னாரு' எண்டு சொல்ல ஏலாது."

சுகிர்தா பக்கத்துக் கதிரையில் ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மிஸ் கறுப்பையாவுக்கு ஒரு போன் கோல் எடுத்தார். 'பொலிஸ்' என்ற சொல் ஒரே ஒரு தரம்தான் வந்தது. நாங்கள் போய்ச் சேருமுன்னே கறுப்பையா படியிறங்கி வந்து, ரோட்டில் நின்று, என் பாஸ்போட்டை நீட்டினார். மிஸ் சொன்னபடி பொலிஸில் முறைப்பாடும் கொடுத்துவிட்டு வந்தோம்.

வீட்டுக்கு வந்ததும் பெருமூச்சு விட்டேன். "நல்லவேள சுகி, ஏழரைச் சனி வந்து காப்பாத்திச்சு."

"சனியும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் கடுகண்ணாவைப் பக்கமே போகல."

"அப்ப?"

"பாலம்மா அக்கா தம்பியும் இப்புடித்தான் முதுகுல கூடையோட மரத்துல ஏறினாராம். அவரு லொறி இப்ப கறுப்பையா பேர்ல ஓடுது. ஜஹானா மிஸ்தான் அந்தக் கேஸப் பேசுறாங்க."

"எனக்கு ஒருத்தரும் சொல்லலியே!"

"அவரும் ஒருத்தருக்கும் சொல்லல. நீங்களும் சொல்லல. எல்லாரும் வாயப் பொத்திக்கிட்டு வரிசையில நின்னா கறுப்பையாவுக்கு வசதிதானே?"

"நீ எங்கிட்ட நேரா சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா? என் கண் பட்டுத்தான் கனடா போச்சுன்னு சாகுறவரைக்கும் சொல்லிக்கிட்டு இருந்திருப்பீங்க."

இருந்திருப்பேன். அதனால் பேச்சை மாற்றினேன். "சரி, எல்லாம் முடிஞ்சுது. ஓட்டோவ திரும்ப என் பேருக்கு மாத்திருவோமா?"

"மாத்தலாங்க. என்னா அவசரம்?" என்று சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அன்றிலிருந்து காலையில் சாவிக்காக வாசலில் நிற்கிறேன். அவள் கதிரையில் உட்கார்ந்து, போகிற இடம், போகிற காரணம், திரும்புகிற நேரம் எல்லாம் கேட்பாள். திரும்பி வருவேன் என்பதற்கு ஆதாரமாக மகளைத் தூக்கிக் காட்டுவேன். சாவி கிடைக்கும்.

இன்று கூட்டாளிமார் ஓட்டோ கட்டிக்கொண்டு நுவரெலியாவுக்குச் சுற்றக் கூப்பிட்டார்கள். தலைவாரிக்கொண்டு போய் நின்றேன்.

"எங்க போறீங்க?"

"நுவரெலியா."

"எதுக்கு?"

"சும்மா... குளிருக்கு."

"எப்ப திரும்புவீங்க?"

"இருட்டுறதுக்குள்ள."

"ஆதாரம்?"

மகளைத் தூக்கினேன். ஆதாரம் என் கையிலிருந்து நழுவி, "அம்மா!" என்று அவள் மடிக்குத் தாவிவிட்டது.

எனக்கு விசா ரிஜெக்ட்.