ராசிக்கார டாக்டரும் ரெண்டு வருஷ பாண்டும்

“சிஸ்டர், வரிசை கேட்டுக்குள்ளயே முடியுதா, இல்ல கேட்டைத் தாண்டிடுச்சா?”

ஜன்னலைத் திறந்தால் தானே பார்த்துக்கொள்ளலாம். டாக்டருக்குத் தைரியமில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

நர்ஸ் எட்டிப் பார்த்தாள். “கேட்டைத் தாண்டி, மரத்தையும் ஒரு சுத்து சுத்திட்டுப் போகுது. நீங்க ராசிக்காரரு டாக்டர்!”

“ஐயோ” என்றான் ராசிக்காரன்.

கூட்டம் வரவில்லையே என்று அழுத டாக்டர்களை நாம் பார்த்திருக்கிறோம். வருகிறதே என்று அழுதவன் இவன் ஒருவன்தான். அதற்குக் காரணம் இருந்தது.

மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த அன்றே, படித்து முடித்ததும் அரசாங்கம் சொல்லும் இடத்தில் ரெண்டு வருஷம் வேலை பார்ப்பேன் என்று பாண்டில் கையெழுத்துப் போட்டிருந்தான். அந்த வயதில் எதை நீட்டினாலும் கையெழுத்துப் போடுவார்கள். அதே பாண்டில் அவளும் போட்டிருந்தாள். அவள் என்றால், பிண மேசைக்கு இந்தப் பக்கம் இவனும் அந்தப் பக்கம் அவளும் நின்று நரம்புகளைத் தேடிக்கொண்டே காதலித்து, படிப்பு முடிந்த கையோடு கல்யாணமும் செய்துகொண்ட அவள்.

அரசாங்கத்துக்கு இந்தக் காதல் கதை தெரியாது. அவளை டவுன் ஆஸ்பத்திரியில் போட்டது. இவனை இந்தக் கிராமத்து ஆஸ்பத்திரியில் போட்டது. ரெண்டுக்கும் நடுவே ஒரு பஸ், இன்னொரு பஸ், அப்புறம் யாராவது ஒரு லாரி டிரைவரின் நல்ல மனசு. லீவு நாளில் கிளம்பிப் போய்ச் சேர்ந்து செருப்பைக் கழற்றினால், திரும்பி வரும் பஸ் ஹார்ன் அடிக்கும்.

வேலையில் சேர்ந்த அன்று நர்ஸிடம் சும்மா கேட்டான். “எனக்கு முன்ன இருந்த டாக்டர் பாண்டு முடிஞ்சு போயிட்டாரா சிஸ்டர்?”

“எங்க முடிஞ்சுது? அவருகிட்ட ஈ காக்கா வரல. ஆளே வராத இடத்துக்கு டாக்டர் எதுக்குன்னு அவரைத் தூக்கி டவுன் ஆஸ்பத்திரியில போட்டுட்டாங்க. அப்புறம் இங்க பூட்டுதான். ஒரு அவசரம்னா ஊரே தவிச்சுப் போயிடும்.”

கடைசி ரெண்டு வாக்கியமும் டாக்டர் காதில் ஏறவே இல்லை. டவுன் ஆஸ்பத்திரி என்ற இடத்திலேயே காது நின்றுவிட்டது.

முதல் வாரம் ஜோராகப் போனது. மேசை மேல் ஈ உட்கார்ந்தது, ஓட்டினான். மறுபடி உட்கார்ந்தது, மறுபடி ஓட்டினான். பல்லெல்லாம் தெரிய நர்ஸிடம் சொன்னான்: “இப்படியே போனா என்னையும் டவுனுக்குத் தூக்கிடுவாங்க இல்ல சிஸ்டர்?”

அவள் எடை மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் பிறந்தது. கூடவே வரிசையும் பிறந்தது.

ரெண்டாம் நாளும் முதல் ஆளாக வந்து உட்கார்ந்த அக்கா, புடவையை லேசாகத் தூக்கி இடது முட்டியைக் காட்டினாள். “தாங்க முடியல டாக்டர்.”

“நேத்து வலது முட்டின்னீங்களே?”

“அது நேத்து டாக்டர்.”

அடுத்து வந்தவர் கதவு மாதிரி அகலமாக இருந்தார். தலை சுத்துகிறது என்றார்.

“சாப்பிட்டீங்களா?”

“நல்லா சாப்பிட்டுத்தான் வந்தேன். இங்க நேரமாகும்னு சொன்னாங்க.”

நாடியைப் பிடித்தான். டாக்டரின் நாடியைவிட நன்றாக ஓடியது.

அன்றைக்கே மனைவிக்கு போன் போட்டான். “கூட்டம் அள்ளுதுப்பா. இப்படி வந்தா என்னை எப்படித் தூக்குவாங்க?”

“நீ சிரிச்சுப் பேசுவ, அதான் வர்றாங்க. கொஞ்சம் கடுகடுன்னு இரேன்.”

“வர மாட்டேங்குதே.”

“ஆமா, உன் மூஞ்சிக்கு அது வராது” என்று ஒத்துக்கொண்டாள். “வேற ஏதாவது பண்ணு. ஆனா நிஜமா உடம்பு சரியில்லாதவங்ககிட்ட இந்த விளையாட்டைக் காட்டின, நானே உன்னை வந்து உதைப்பேன்.”

“சேச்சே. என்னை என்னன்னு நினைச்ச?”

யோசித்தான். ஊசி போடாத டாக்டரை யாரும் டாக்டராகவே மதிப்பதில்லை என்பது அவன் கேள்விப்பட்டிருந்த விஷயம். வாசலில் பெரிய எழுத்தில் எழுதி வைத்தான்: ‘அவசியம் இருந்தால் ஒழிய இங்கே ஊசி போடப்பட மாட்டாது.’

மறுநாள் கூட்டம் ரெண்டு மடங்கானது. அதுவரை எட்டிப் பார்க்காத ஆம்பளைகள் எல்லாம் தைரியமாக வந்து நின்றார்கள். ஒருத்தர் அந்த எழுத்தை விரலால் தடவித் தடவிப் படித்துவிட்டு, “தெய்வம் டாக்டர் நீங்க” என்றார்.

சரி, காக்க வைத்தால் ஓடிவிடுவார்கள். வராந்தாவில் இருந்த பெஞ்சுகளைத் தூக்கிப் பின்கட்டில் போட்டான். ஒவ்வொருவரையும் அரை மணி நேரம் சோதித்தான். நாக்கை நீட்டச் சொன்னான். ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னான். கண்ணை மூடி மூக்கைத் தொடச் சொன்னான்.

மறுநாள் அவர்கள் பாயோடு வந்தார்கள். ஒரு குடும்பம் பீன்ஸ் நறுக்கியது. பின்கட்டிலிருந்து பெஞ்சுகளை அவர்களே எடுத்து வந்து மர நிழலில் போட்டுக்கொண்டார்கள். இவ்வளவு பேர் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்த ஒருத்தர் கேட்டுக்குப் பக்கத்தில் டீக்கடையே போட்டுவிட்டார். டீ நன்றாக இருக்கிறது என்று அதற்கு வேறு தனிக் கூட்டம் வந்தது.

“டாக்டர் எவ்வளவு பொறுமையா பாக்குறாரு தெரியுமா?” என்று அக்கா வெளியே சொல்லிக்கொண்டிருந்தாள். “பெத்த புள்ள கூட என் நாக்க இப்படிப் பாத்தது இல்ல.”

டாக்டர் மேசையில் நெற்றியை முட்டிக்கொண்டான்.

கடைசியில் உண்மையையே சொல்லிப் பார்த்தான். “உங்களுக்கு ஒண்ணுமே இல்ல. வீட்டுக்குப் போங்க. நாளைக்கு வராதீங்க.”

“ரொம்ப சந்தோஷம் டாக்டர்” என்று கும்பிட்டுவிட்டுப் போனார் கதவு மாதிரி இருந்தவர். மறுநாள் அவர் வரவில்லைதான். அவர் தம்பி வந்தார். அதே தலைசுத்தல்.

இதற்கு நடுவில் ஒருநாள் தச்சர் ஒருவர் கையை ரம்பத்தில் கொடுத்துவிட்டு ஓடி வந்தார். துண்டு முழுக்க ரத்தம். வரிசையில் இருந்த அத்தனை பேரும், தலைசுத்தல்காரர்கள் உட்பட, சட்டென்று எழுந்து வழி விட்டார்கள். ரெண்டு பேர் தச்சரைத் தூக்கியே வந்துவிட்டார்கள். டாக்டர் பாண்டை மறந்தான், டவுனை மறந்தான். ரத்தத்தை நிறுத்தினான். விரல் விரலாக அசைக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு நிதானமாகத் தையல் போட்டான். முடித்துவிட்டு நிமிர்ந்தால் ஜன்னல் நிறையத் தலைகள்.

“விரலு நிக்குமா டாக்டர்?”

“நிக்கும், நிக்கும். எல்லாரும் போய் உக்காருங்க.”

யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். அவனுக்கும் என்னவோ போலிருந்தது. ஆனால் ராத்திரிச் சாப்பாட்டைத் தனியாக உட்கார்ந்து சாப்பிடும்போது டவுன் மறுபடி ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

அப்புறம் மேலதிகாரி வந்தார், திடீர் சோதனைக்கு. ஜீப் கேட்டுக்குள் வர முடியவில்லை. அவ்வளவு கூட்டம். இறங்கி, டீக்கடையைத் தாண்டி, பீன்ஸ் குடும்பத்தைத் தாண்டி, பாய்களை மிதிக்காமல் தாவித் தாவி உள்ளே வந்தார்.

“என்னய்யா இது? போன தடவை வந்தப்ப இங்க ஒரு நாய்தான் படுத்திருந்துது!”

“சார், அது வந்து…”

“உன்னை மாதிரி ஆளுங்கதான் வேணும். இந்த இடத்தை மூடிடலாமான்னு பாக்கத்தான் வந்தேன். மூடறதாவது! இன்னொரு டாக்டர் போஸ்ட் போடறேன் இங்க. நீ உன் பாண்டு முடியிற வரைக்கும் இந்த இடத்தைவிட்டு அசையவே கூடாது!”

முதுகில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனார். டாக்டர் அப்படியே தரையில் உட்கார்ந்து போன் போட்டான்.

“எல்லாம் போச்சுப்பா. மூட வந்த மனுஷன் இன்னொரு போஸ்ட் போட்டுட்டுப் போறாரு.”

மறுமுனையில் ‘க்ளுக்’ என்று ஒரு சத்தம் கேட்டது.

“அழறியா?” என்று கேட்டான்.

“லூசு. இன்னொரு போஸ்ட் போடறாங்கன்னு நீதானே சொல்ற? டவுனை விட்டுட்டு அந்தப் பக்கம் வர யாரு அடிச்சுக்கப் போறா? நான் கேட்டா உடனே குடுத்துடுவாங்க.”

தரையில் உட்கார்ந்திருந்தவன் எழுந்தான். ஜன்னலை அகலத் திறந்தான். வரிசை கேட்டைத் தாண்டி, மரத்தைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தது. ஆஹா, என்ன அழகான வரிசை! வாழ்க்கையில் முதல் தடவையாக அதைப் பார்த்து அவனுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது.

அன்றிலிருந்து ஆளே மாறிவிட்டான். பெஞ்சுகளுக்கு அவனே பெயின்ட் அடித்தான். முட்டி அக்கா ஒருநாள் வரவில்லை என்றதும் “ஏன் சிஸ்டர், அக்காவுக்கு என் மேல கோவமா? நான் ஏதாவது சொல்லிட்டேனா?” என்று துளைத்து எடுத்தான்.

அந்த போஸ்ட் கிடைத்ததும் மனைவி ரெண்டு பெட்டியோடு வந்து இறங்கினாள். பஸ், இன்னொரு பஸ், லாரி டிரைவரின் நல்ல மனசு. வந்தவள் செருப்பைக் கழற்றினாள். எந்த ஹார்னும் அடிக்கவில்லை.

மறுநாள் காலையில் ஒரே அறையில் ரெண்டு மேசை, நடுவில் ஒரு திரை. அவள் ஜன்னல் வழியே வரிசையைப் பார்த்து வாயைப் பிளந்தாள்.

“நீ சும்மா பீலா விடறேன்னு நினைச்சேன். இவ்வளவு பேரா?”

“கைராசி” என்றான், சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு. “ஒரு தடவை என்கிட்ட வந்தவங்க வேற எங்கேயும் போக மாட்டாங்க.”

“இந்தத் தலைசுத்தல் கேஸ் ஏன் இவ்வளவு இருக்கு? தண்ணியில ஏதாவது இருக்குமா? ஆராய்ச்சியே பண்ணலாம் போலிருக்கே.”

“பண்ணுவோம், பண்ணுவோம். ரெண்டு பேரும் சேர்ந்து பண்ணுவோம். ரெண்டு வருஷம் இருக்கே!”

அவளுக்கு டீ வாங்க அவனே கிளம்பினான். வராந்தாத் தூணுக்கு அந்தப் பக்கம் முட்டி அக்கா, கதவு மாதிரி இருந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நர்ஸிடம் ரகசியமாகப் பேசிக்கொண்டிருந்தாள்.

“சிஸ்டர், ஒரு டாக்டரு போயிடாம இருக்கறதுக்கே வீட்டுக்கு ஒரு ஆளுன்னு முறை வெச்சு வலிக்குது வலிக்குதுன்னு வந்து உக்காந்தோம், இப்ப ரெண்டு டாக்டராயிட்டாங்க, இனிமே வீட்டுக்கு ரெண்டு பேரா வரணுமா, இல்ல ஒரே ஆளு ரெண்டு வலி சொன்னாப் போதுமா?”